எல்லாம் செட்டப் என்று தெரிந்த பிறகு

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், கேட்பவர்களில் ஒருவராவது ‘எல்லாம் செட்டப்தானே?’ என்று குறுக்கிடுவார். கேள்வியைப் போலத் தொனித்தாலும் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு நூறு வயது ஆகிவிட்டது. யார் ஜெயிப்பார், எந்த நிமிடத்தில், எந்தப் பிடியில் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டவை என்பதை மல்யுத்த நிறுவனங்களே ஒப்புக்கொண்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருந்தும் கூட்டம் குறையவில்லை. செட்டப் என்று தெரிந்தும் மனிதர்கள் அங்கே எதைப் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்குப் பத்திரிகையாளர்கள், தத்துவவாதிகள், ஊடக ஆய்வாளர்கள், மல்யுத்த வீரர்கள் என்று பலரும் பல விடைகள் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் பாரிஸையும் அமெரிக்க நகரங்களையும் மனதில் வைத்துச் சொல்லப்பட்ட விடைகள் அவை. அவற்றை ஒரு தக்காண நகரத்தில் வைத்து உரசிப் பார்ப்பது பயனுள்ளது.

கச்சிபௌலி, 2023

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. செகந்திராபாத் ரயில் நிலையத்திலிருந்து பார்த்தால் ஹைதராபாத்–செகந்திராபாத் இரட்டை நகரங்களின் மறுகோடியில் இருக்கும் கச்சிபௌலி உள்ளரங்கில் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ‘சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டகிள்’ என்ற நிகழ்ச்சியை நடத்தியது. இந்தியாவுக்காக அதே பெயரில் 2021 குடியரசு நாளன்று வெளியான நிகழ்ச்சி அமெரிக்காவில் படமாக்கப்பட்டது. அதற்கும் முன்பு நிறுவனம் நேரில் வந்தது 2017 டிசம்பரில், டெல்லிக்கு. ஜான் சீனா இந்திய மண்ணில் மோதுவது ஹைதராபாத்தில்தான் முதல்முறை. அவரும் செத் ரோலின்ஸும் ஒரு பக்கம், ‘இம்பீரியம்’ அணியின் லுட்விக் கைசரும் ஜியோவானி வின்சியும் எதிர்ப்பக்கம். சீனாவின் அணி வென்றது. இன்டர்காண்டினென்டல் பட்டத்துக்காக இந்தியரான ஷாங்கி, குந்தரிடம் தோற்றார். ரியா ரிப்ளி நடால்யாவை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். வீர், சங்கா என்ற இந்திய இணை, சாமி ஸெய்ன் – கெவின் ஓவன்ஸ் இணையிடம் தோற்றது.

இந்தப் பட்டியலை நாட்காட்டியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 2 அன்று, பிட்ஸ்பர்க்கில் ‘பேபேக்’ என்ற பெரிய நிகழ்ச்சி நடந்திருந்தது. அடுத்தது அக்டோபர் 7, இண்டியானாபொலிஸில் ‘ஃபாஸ்ட்லேன்’. ரோலின்ஸுக்கு அந்த இரண்டிலுமே எதிரி ஷின்ஸுகே நாகமுரா. அதாவது கதை பிட்ஸ்பர்க்கிலிருந்து இண்டியானாபொலிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹைதராபாத் அதன் வழியில் இல்லை. குந்தர் பட்டம் வென்றது 2022 ஜூன் 10. ஹாங்கி டாங்க் மேன் 1987–88இல் அதே பட்டத்தை 454 நாள் வைத்திருந்ததே அதுவரை சாதனை. ஹைதராபாத் ஆட்டம் நடந்த நாள் குந்தருக்கு 455ஆவது நாள். கணக்குத் தெரிந்த எந்த ரசிகருக்கும் மணி அடிக்கும் முன்பே ஷாங்கியின் விதி தெரிந்திருக்கும்.

பகை கிடையாது, திருப்பம் கிடையாது, பட்டம் கைமாறப்போவதும் இல்லை. அப்படிப்பட்ட மாலைக்கு ஏன் கூட்டம் வர வேண்டும்?

மோசடி என்ற கட்சி

மிகப் பழைய விடை, பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள் என்பது. இதற்கு நியாயமான பிறப்பிடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மல்யுத்தம் உண்மையான போட்டியாகவே விற்கப்பட்டது. கல்கத்தாவின் சரத் குமார் மித்ரா பணம் போட, லண்டன் சென்ற காமா பயில்வான் 1910 செப்டம்பர் 10 அன்று போலந்து வீரர் ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ பாயில் குப்புறப் படுத்துத் தற்காத்துக்கொண்டே இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓட்டினார். ஆட்டம் சமன். ஒரு வாரம் கழித்து மறுமோதலுக்கு அவர் வரவே இல்லை. பதினெட்டு ஆண்டு காத்திருந்து, 1928இல் பாட்டியாலாவில் காமா அவரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். இந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்தால் வியாபாரிகளின் சிக்கல் புரிகிறது. உண்மையான மல்யுத்தம் ஒன்று முடியவே மாட்டேன் என்கிறது, அல்லது உட்காருவதற்குள் முடிந்துவிடுகிறது. டிக்கெட் விற்பவருக்கு இரண்டுமே நஷ்டம்.

1920களில் அமெரிக்காவில் எட் ‘ஸ்ட்ராங்ளர்’ லூயிஸ், டூட்ஸ் மாண்ட், பில்லி சாண்டோ மூவரும் கண்ட தீர்வு, ஆட்டத்தின் வேகத்தையும் நீளத்தையும் முடிவையும் தாங்களே வகுப்பது. ஒரே வீரர் குழுவை ஊர் ஊராகக் கொண்டுபோய், ஒரு பகையை வாரக்கணக்கில் வளர்த்து விற்கும் முறை அங்கிருந்துதான் வேர்பிடித்தது. இந்தியாவில் தாரா சிங்கும், நூற்றெண்பது கிலோவுக்கு மேல் எடை கொண்ட ‘கிங் காங்’ எமில் சாஜாவும் ஊர் ஊராக மோதிய ஐம்பது, அறுபதுகளின் ஆட்டங்களும் இந்த முறையைச் சேர்ந்தவை என்றே வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பலர் கருதுகிறார்கள். தாரா சிங் என்ற பெயர் தமிழில் ‘பெரிய தாராசிங்குன்னு நினைப்பு’ என்று வசையாகவே நிலைத்துவிட்டதற்கு அந்த ஏற்பாடு தடையாக இருக்கவில்லை.

மோசடிக் கட்சிக்கு இந்தியாவில் இன்னொரு, மரியாதைக்குரிய ஊற்றும் உண்டு: மரபுவழி மல்லர்களின் பயிற்சிக்கூடமான அகாடா. ஜோசப் ஆல்டர் 1992இல் வெளியிட்ட பனாரஸ் மல்லர்கள் பற்றிய ஆய்வு காட்டுவதுபோல, அங்கே மல்யுத்தம் என்பது உணவு, பிரம்மச்சரியம், குருபக்தி எல்லாம் சேர்ந்த ஒழுக்கம். ஹைதராபாத்தின் பழைய நகரத்துத் தாலீம்களில் மண் கிளறிப் பழகும் பயில்வான்களும் அதே மரபின் தக்காணக் கிளை. அந்த இடத்திலிருந்து பார்த்தால் கச்சிபௌலி மேடை கேளிக்கைதான், அதில் வாதமே இல்லை.

ஆனால் 1989இல் இந்தக் கட்சியின் அடித்தளம் சரிந்தது. வின்ஸ் மெக்மேனின் நிறுவனம் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நியூ ஜெர்சி மாநில மேலவையிடம், தாங்கள் நடத்துவது போட்டி அல்ல, கேளிக்கையே என்று எடுத்துச் சொன்னது. மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிப்பதே நோக்கம். உண்மையைச் சொன்னால் காசு மிச்சம் என்ற நிலை வந்தபோது உண்மை சொல்லப்பட்டது. அதன்பின் வந்த தலைமுறையை ஏமாந்தவர்கள் என்று சொல்வது கடினம். 2025இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘அன்ரியல்’ தொடர், கதை எழுதும் அறைக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய்விட்டது.

கூத்து என்ற கட்சி

எதிர்க்கட்சியின் முதல்வர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொலான் பார்த். 1957இல் நூலாக வந்த ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பின் முதல் கட்டுரையே பாரிஸ் மல்யுத்த அரங்குகளைப் பற்றியதுதான். குத்துச்சண்டையில் பார்வையாளர் முடிவுக்காகக் காத்திருக்கிறார், பந்தயம் கட்டுகிறார். மல்யுத்தத்திலோ ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமை என்பது அவர் வாதத்தின் சாரம். வலி, தோல்வி, நீதி ஆகியவை அங்கே பெரிய எழுத்தில் எழுதிக் காட்டப்படுகின்றன. அவை உண்மையா என்று கேட்பது கிரேக்க நாடகத்தில் அழுபவரிடம் கண்ணீர் நிஜமா என்று கேட்பதைப் போன்றது.

தமிழ் வாசகருக்கு இந்த வாதம் புதிதாக இராது. திரௌபதி அம்மன் விழாப் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் எங்கே அடிக்கப்போகிறான், திரௌபதி எப்போது கூந்தல் முடிவாள் என்பது கூடியிருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் ஊர் கூடுகிறது. வேடத்தையும் ஆளையும் ஒன்றாக்கி வெறுப்பதும் நமக்குப் பழக்கமே. ஆண்டுதோறும் சபரிமலைக்குப் போன எம்.என். நம்பியாரைத் திரைக்கு வெளியிலும் கொடியவராகவே பார்த்து அஞ்சியவர்கள் உண்டு.

இந்தக் கட்சி என் பார்வையில் மற்றவற்றைவிட வலுவானது. ஆனாலும் அது இரண்டு இடங்களில் வழுக்குகிறது. முதலாவது உடம்பு. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் மிக் ஃபோலி இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசைமேல் விழுந்தது திட்டமிட்டது. சற்று நேரத்தில் கூண்டின் கூரை பிய்ந்து அவர் உள்ளே விழுந்தது திட்டத்தில் இல்லாதது. பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து இறக்கப்படும்போது விழுந்து இறந்தார். இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று காசு கட்டித் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு வர்ணனையாளர் சொன்னார், அரங்கில் இருந்தவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. கூத்தில் இப்படி நேர்ந்தால் கூத்து நிற்கும் என்றுதான் நினைக்கிறோம். இங்கே நிற்கவில்லை.

இரண்டாவது வழுக்கல் இன்னும் நுட்பமானது. பாரதத்தின் முடிவு ஊருக்குப் பொதுச்சொத்து. மல்யுத்த ஆட்டத்தின் முடிவு ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில், மணி அடிக்கும்வரை பூட்டி வைக்கப்படும் தனிச்சொத்து. 2014 ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில், நிறுவனத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் இருபத்தொரு முறை தோற்காத அண்டர்டேக்கர், பிராக் லெஸ்னரிடம் தோற்றபோது அரங்கில் உறைந்திருந்த முகங்களைக் கேமரா காட்டியது. செட்டப் என்று தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். படுகளத்தில் துரியோதனன் எழுந்து பீமனை அடித்து வீழ்த்தினால் வரக்கூடிய அதிர்ச்சி அது. பார்த்தின் வாதத்தில் அதற்கு இடம் இல்லை. அவர் பார்த்த அரங்குகளில் முப்பது ஆண்டு நீளும் கதையும் இல்லை.

தொடர்கதை என்ற கட்சி

அந்த நீளத்தைக் கணக்கில் எடுத்தவர் ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ். தொலைக்காட்சி மல்யுத்தம் ஆண்களுக்கான மெலோடிராமா என்றார் அவர்; துரோகம், அவமானம், பழிவாங்கல் என்று வாரா வாரம் நகரும் சீரியல். அழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் கூச்சமின்றி உணர்ச்சிவசப்படும் இடம். இந்தக் கதையின் உருவத்தைத் தீர்மானித்தது விற்பனை முறை. வாராந்திர இலவச நிகழ்ச்சிகளில் பகை வளரும். அதன் முடிவைப் பார்க்கத் தனியாகக் காசு கட்ட வேண்டும். 1985இல் முதல் ரெஸில்மேனியா பெரும்பாலும் திரையரங்குத் திரைகளில் காட்டப்பட்டது. 1995 மே முதல் கட்டண நிகழ்ச்சி மாதந்தோறும் என்றானது. சண்டைக்கு மாதச் சுழற்சி வந்தது கலையால் அல்ல, ரசீதால்.

இந்தியாவில் இந்தச் சுழற்சி வேறு மாதிரி வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளில் கேபிள் வழியாகவும், 2002க்குப் பின் டென் ஸ்போர்ட்ஸ் வழியாகவும் பார்த்த பிள்ளைகளுக்குத் தனி ரசீது கிடையாது; கேபிள்காரருக்குக் கொடுக்கும் மாதப் பணத்திலேயே எல்லாம் அடக்கம். வர்ணனை பாதி புரியாது. பகைக்கான காரணம் பல வீடுகளில் தெரியவே தெரியாது. அவர்களுக்குக் கதையைச் சொல்லிக்கொடுத்ததில் தொலைக்காட்சிக்கு நிகரான பங்கு ஓர் அட்டைக்கட்டுக்கு உண்டு: உயரம், எடை, மார்பளவு, மோதிய சண்டை, வென்ற சண்டை, ரேங்க். செகந்திராபாதிலும் சேலத்திலும் ஒரே விதிகளோடு ஆடப்பட்ட டிரம்ப் கார்டு அது. யாரோ எழுதிக்கொடுத்த வெற்றிகளை அந்த அட்டை எண்ணாக்கி, எண் என்பதாலேயே மறுக்க முடியாத உண்மையாக்கியது. அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்ற வதந்தி அதன் மேல் போர்த்திய புராணம்.

ஆகவே கதையின் கோர்வை இல்லாமல் பாத்திரங்களை மட்டும் பெற்றுக்கொண்டவர்கள் இந்திய ரசிகர்களில் கணிசமானோர் என்று சொல்லலாம். ஜென்கின்ஸின் வாதம் இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. அந்தப் பொருந்தாமையே கச்சிபௌலிக்குத் திறவுகோல் ஆகிறது. 2015 ஜூலையில் சீனாவின் மூக்கை உடைத்தவர் ரோலின்ஸ். அடுத்த மாதம் ‘சம்மர்ஸ்லாம்’ நிகழ்ச்சியில் அவரை வென்றவரும் ரோலின்ஸ்தான். அந்த இருவரும் ஹைதராபாத்தில் தோளோடு தோள் நின்றதற்குக் கதைவழிக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. பழைய அட்டைக்கட்டின் நாயகரை நேரில் காண்பதே பலருக்கு நிகழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

நம் ஆள், அவர்கள் வில்லன்

நான்காவது கட்சி இதைத் தேசத்தின் கதையாகப் படிக்கிறது. காமாவைக் காலனிய இந்தியா தன் மானமாகக் கொண்டாடியதிலிருந்து அது தொடங்குகிறது. அமெரிக்க மேடைக்கு எப்போதும் ஓர் அந்நிய வில்லன் தேவை. ரஷ்யர், ஈரானியர், ஜப்பானியர் என்று அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை. பஞ்சாப் காவல்துறையிலிருந்து போன தலிப் சிங் ராணா, ‘தி கிரேட் காலி’யாக அதில் அமர்ந்தார். 2006இல் அண்டர்டேக்கரை வீழ்த்தி, 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டத்தையும் வென்றார். அங்கே ஊளையிடப்பட்டவர் இங்கே பெருமை. ஒரே எழுத்து இரண்டு கரைகளில் நேரெதிராக வாசிக்கப்பட்டது. பாத்திரத்தை எழுதுவது நிறுவனம், அவர் யாருக்கு நல்லவர் என்பதை முடிவு செய்வது கூட்டம் என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் இந்தக் கட்சி ஜிண்டர் மஹாலிடம் வந்து தடுமாறுகிறது. கால்கரியில் பிறந்த பஞ்சாபிக் கனடியர் அவர். வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தவர், 2017 மே 21 அன்று ரேண்டி ஆர்டனை வென்று நிறுவனத்தின் தலையாய பட்டத்தைப் பெற்றார். இந்தியச் சந்தைக்கான கணக்கு இது என்று அப்போதே பரவலாக எழுதப்பட்டது. டிசம்பர் 9இல் டெல்லி நிகழ்ச்சி. கதையாசிரியர் யாராக இருந்தாலும், இந்தியா வரும் நாளில் பட்டம் அவர் தோளில் இருக்கும்படி எழுதியிருப்பார் என்றே எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. நவம்பர் 7 அன்று மான்செஸ்டரில் பட்டம் ஏ.ஜே. ஸ்டைல்ஸுக்குப் போனது. டெல்லியில் மஹால் எதிர்கொண்டது நிறுவனத்தின் உயரதிகாரியும் மெக்மேனின் மருமகனுமான டிரிபிள் எச்சை. தோற்றார். பிறகு இருவரும் சேர்ந்து பாங்க்ரா ஆடினார்கள்.

ஹைதராபாத்திலும் வரிசை மாறவில்லை. ஷாங்கி தோற்றார், வீர்–சங்கா இணை தோற்றது. அதற்குப் பின் நடந்தவை மேடையில் நடந்தவை அல்ல: ஷாங்கியின் ஒப்பந்தம் அதே செப்டம்பரில், ஆட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் முடித்துவைக்கப்பட்டது. மஹாலும் வீரும் சங்காவும் 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார்கள். இடையில், ஹைதராபாத் நிகழ்ச்சிக்கு நான்கு நாள் கழித்து, கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி.யோடு சேர்ந்து டி.கே.ஓ. என்ற புதிய நிறுவனம் பிறந்திருந்தது. தேசப் பகை விற்பனைக்கு உதவும்வரை எழுதப்படும் என்பது சரியான கூற்றாகத் தோன்றுகிறது. அது தேசத்தைப் பற்றிய கூற்று அல்ல என்பதுதான் இந்தக் கட்சியின் பலவீனம்.

யார் பேனாவைத் திருப்ப முடியும்?

மேற்கண்ட விடைகள் அனைத்தும் வளையத்துக்குள் நடப்பதைப் பற்றியவை. இன்றைய ரசிகர்கள் பேசுவதைக் கவனித்தால் அவர்கள் பார்ப்பது இன்னொரு போட்டியை என்று படுகிறது: யாருக்கு வெற்றி எழுதப்படும் என்ற போட்டி. அது நிஜமான போட்டி. அதில் ரசிகரும் ஒரு கட்சிக்காரர். 2014 ஜனவரியில் ராயல் ரம்பிளை பட்டிஸ்டா வென்றதை அரங்கமே ஊளையிட்டு நிராகரித்தது. ஏப்ரலில் ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டத்தில் சேர்க்கப்பட்டு வென்றவர், கூட்டம் கேட்ட டேனியல் பிரையன். 2024 தொடக்கத்தில் கோடி ரோட்ஸின் இடத்துக்கு தி ராக் வருவதுபோல் தெரிந்தபோதும் எதிர்ப்பு வெடித்தது. ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்பியாவில் பட்டம் வென்றவர் கோடிதான். இந்த எதிர்ப்பையும் சேர்த்தே எழுதினார்களா என்ற சந்தேகம் எஞ்சும் என்றாலும், அமெரிக்கக் கூட்டத்தின் சத்தம் அலுவலகம்வரை கேட்கிறது என்பதை மறுப்பது கடினம்.

இந்தியக் கூட்டத்தின் சத்தம் அப்படிக் கேட்டதற்கு உதாரணம் தேடினால் கையில் எதுவும் சிக்குவதில்லை. மஹாலின் பட்டம்கூட இந்திய ரசிகர்கள் கேட்டு வாங்கியது அல்ல; அவர்கள் கேட்பார்கள் என்று அங்கே யாரோ ஊகித்து எழுதியது. அவர் தோற்றபோதும் இங்கே யாரும் ரசீதைத் திருப்பித் தர முடியவில்லை, ரசீதே இல்லாததால். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகக் காசு கட்டும் பார்வையாளருக்கு ‘இந்த மாதம் வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் இருந்தது. மொத்தமாகக் கேபிள் பணம் கட்டியவருக்கு அது இல்லை. ஹைதராபாத் பட்டியலில் இந்தியர்கள் வரிசையாகத் தோற்றதை அவமதிப்பு என்பதைவிட, விலை கேட்கப்படாத ஒரு சந்தையின் அடையாளம் என்று படிப்பதே பொருத்தம்.

முடியாத கணக்குகள்

இந்த வாதத்துக்கும் ஓட்டைகள் உண்டு. 2014 பிப்ரவரியில் மாதம் 9.99 டாலருக்கு எல்லா நிகழ்ச்சிகளையும் தரும் இணையச் சேவையை நிறுவனம் தொடங்கியபோதே, தனித்தனிக் கட்டணம் அமெரிக்காவிலும் மதிப்பிழந்துவிட்டது. அங்குள்ள பார்வையாளரும் நம் கேபிள் வீட்டுக்காரரைப் போல மொத்தமாகக் கட்டுபவர் ஆனார். ஆனால் கோடியின் விவகாரம் அதற்குப் பத்தாண்டு பின்னால்தான் நடக்கிறது. பேரம் பேசும் வலு ரசீதில் இல்லை, வாரந்தோறும் அரங்கில் நேரில் அமர்ந்திருப்பதில்தான் இருக்கிறது என்று வாதிட இடமுண்டு. அப்படியானால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாலை கிடைக்கும் ஊர்களுக்கு அந்த வலு எப்போதும் வராது. அல்லது சமூக ஊடகச் சத்தமே போதும் என்றும் கொள்ளலாம். இந்தியர்களின் எண்ணிக்கை அங்கே சிறியதல்ல. அந்த எண்ணிக்கை ஏன் கதையாக மாறவில்லை என்பதற்கு விடை வேண்டும்.

2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் இந்த நிகழ்ச்சிகள் நெட்ஃப்ளிக்ஸில் வருகின்றன. யார் எந்த நிமிடத்தில் பார்ப்பதை நிறுத்தினார் என்பது இப்போது பதிவாகும் செய்தி. ஊளையைவிடத் துல்லியமான வாக்கு அது. ஆனால் எண்ணப்படுவது வெளியே தெரியாத வாக்கு. கச்சிபௌலியில் பட்டம் காத்த குந்தரே 2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் சீனாவின் கடைசி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தார். அட்டைக்கட்டுத் தலைமுறையைக் கூட்டி வந்த கடைசிப் பெயர்களில் ஒன்று அதோடு மேடையிலிருந்து இறங்கியது. அடுத்த முறை நிறுவனம் இரட்டை நகரங்களுக்கு வந்தால், பழைய முகங்களின் நினைவை நம்பி டிக்கெட் விற்க முடியாது. இங்கே முடிவடைய வேண்டிய ஒரு பகையை முதல்முறையாக எழுத வேண்டியிருக்கும், அல்லது காலி நாற்காலிகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.